தாய்மை: ஒன்று

திங்கள்

இன்று காலை என் விடுதியின் எண்ணுக்கு நானே 'சரி' போட்டேன். பின்னால் படிக்கும்போது எனக்கே குழம்பிவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது நகரத்தின் கழிவுநீர் ஆய்வு நிலையத்தில். மாலையில் புள்ளியியல் வகுப்பு. நாற்பது பேருக்கு மேல் வசிக்கும் ஒவ்வொரு கட்டடத்திலும், கழிவுநீர் தெருக் குழாயில் சேரும் கடைசிச் சேம்பர் குழிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருக்கிறது. அது இரவு முழுக்க அந்தத் தண்ணீரைச் சோதித்து விடியும்போது எங்களுக்குத் தகவல் அனுப்பும். வாந்திபேதியோ மஞ்சள் காமாலையோ புதுக் காய்ச்சலோ, ஆட்கள் படுக்கையில் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். போன மழைக்காலத்தில் வாந்திபேதியால் இந்த நகரத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அதனால்தான் அந்த எண்களைத் தெருவுக்கே காட்டும் நலப் பலகையை ஒவ்வொரு வாசலிலும் வைத்தபோது யாரும் மறுப்புச் சொல்லவில்லை. இப்போது பால் வாங்கப் போகிறவர்கள்கூட அடுத்த கட்டடத்துப் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இந்த மாதம் பலகையில் 'தாய்மை' என்று ஒரு புது வரி சேர்ந்தது. கர்ப்பமான பெண்ணின் சிறுநீரில் வரும் ஹார்மோனையும் கருவி இனிமேல் கண்டுபிடிக்கும். அளவை வைத்து எத்தனை பேர் என்று கணக்குப் போடும். நோக்கம் நல்லதுதான். பல பெண்கள் நாலாம் மாதம், ஐந்தாம் மாதம் வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. எண் தெரிந்தால் நர்ஸ் வாசலுக்கே வந்து மாத்திரை கொடுப்பார். யார் என்று பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில் படம் மெல்ல ஆடும். எங்கள் விடுதிக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடியில் முதன்முதலாகத் தொட்டில் ஆடியபோது, சங்கச் செயலாளர் எல்லா வீட்டுக்கும் ஜாங்கிரி கொடுத்தார்.

இது மகளிர் விடுதி வாசலிலும் ஆடும் என்று யாராவது யோசித்தார்களா, தெரியவில்லை. நான் யோசிக்கவில்லை.

காலையில் என் திரையில் அந்த வரி வந்தது. 'கிருபை மகளிர் விடுதி, ஓடைத் தெரு. தாய்மை: 1.' கருவியை மறுபடி அளக்க விட்டேன். அதே எண். நான்தான் ஏதோ தப்பாகப் பார்க்கிறேன் என்று பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதே எண். நிலையத்தின் தலைமை மருத்துவர் டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனேன்.

“மேடம், இது லேடீஸ் ஹாஸ்டல்.”

“அதனால?”

“இதைப் போட்டா அங்க…”

“மங்கை, கட்டடத்தோட பேரைப் பார்த்து நம்பரை நிறுத்த ஆரம்பிச்சா, நாளைக்கு மினிஸ்டர் வீட்டுல காலரா வந்தாலும் நிறுத்துன்னுதான் சொல்வாங்க. அளவு சரியா இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“அப்ப போடு.”

போட்டேன். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

வகுப்பு முடிந்து வந்தபோது வாசலில் தொட்டில் நீல நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்தார்கள். நான் உள்ளே நுழைய, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “ஜாங்கிரி எப்பம்மா?”

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே சிரிப்பு. பர்வீன் கரண்டியை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, “அன்பார்ந்த தோழிகளே, நம்ம விடுதிக்குப் புது வாரிசு வரப்போகுது” என்றாள். என் அறைத் தோழி இசக்கி தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: “எந்த மகராசிட்டி அது? சொல்லுங்க. வளைகாப்புக்கு எங்க கடையில சேலை எடுத்துத் தாரேன். ஸ்டாஃப்புக்குத் தள்ளுபடி உண்டு.”

இசக்கி அம்பாசமுத்திரம் பக்கம். இங்கே ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

புதன்

சிரிப்பு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. நேற்று நர்ஸ் வந்தார். வார்டன் கிருபாவதி அம்மா வாசலிலேயே மறித்து, “இங்க அந்த மாதிரி யாரும் இல்ல, போங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்று கட்டடச் சொந்தக்காரர் போன் செய்தாராம். இரண்டு பெண்களின் அப்பாக்கள் புறப்பட்டு வருகிறோம் என்றார்களாம்.

மாலையில் வார்டன் எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். மேசைமேல் ஒரு கறுப்புப் பை. வீட்டிலேயே செய்துபார்க்கும் கர்ப்பச் சோதனைப் பட்டைகள். கர்ப்பமென்றால் இரண்டு கோடு, இல்லையென்றால் ஒன்று. வாங்கி வந்தது வார்டனின் மகன் ஜோயல். கல்லூரி முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். அம்மாவும் மகனும் அலுவலக அறைக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். விடுதியின் மோட்டார், குடிநீர், காய்கறி எல்லாம் அவன் பொறுப்பு.

“மெடிக்கல்ல போய் அம்பது குடுங்கன்னேன்” என்று பர்வீனிடம் கிசுகிசுத்தான். “அவர் என்னைய ஏற இறங்கப் பார்த்துட்டு, தம்பி நல்லா இருப்பான்னாரு.”

“ஜோயல், நீ வெளிய போ” என்றார் வார்டன். போனான்.

“யாரையும் அசிங்கப்படுத்தணும்னு இல்ல” என்று ஆரம்பித்தார். “ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு என்கிட்ட காட்டுங்க. ஒருத்தி யாருன்னு தெரிஞ்சிட்டா மத்த பேருக்கு நிம்மதி. இல்லன்னா எல்லார் பேரும் கெடும்.”

யாரும் நகரவில்லை. ஒருத்தி ஆரம்பித்தால் மற்றவர்கள் பயமில்லாமல் வருவார்கள் என்று எனக்குப் பட்டது. நான் எழுந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கோடு. காட்டினேன். அதன்பிறகு எல்லாரும் எழுந்தார்கள். சமையல்கார அக்காவும் எடுத்துக்கொண்டாள்.

இசக்கி மட்டும் எழவில்லை.

“என்ன இசக்கி?” என்றார் வார்டன்.

“நா எதுக்கு குடுக்கணும்?”

“எல்லாரும் குடுக்கிறாங்கல்ல?”

“மாசாமாசம் வயித்துவலியில சுருண்டு கெடந்தப்ப யாராச்சும் வந்து கணக்குக் கேட்டிகளா? இப்ப மட்டும் எதுக்கு?”

“மடியில கனம் இல்லன்னா உனக்கென்ன பயம்?”

இசக்கியின் முகம் சிவந்துவிட்டது. “பயம்லாம் ஒண்ணும் இல்ல. வாடகை குடுக்கேன், சாப்பாட்டுக்குக் குடுக்கேன். மூத்திரம்லாம் குடுக்க முடியாது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வார்டன் சிரிக்கவில்லை. எல்லாப் பட்டையிலும் ஒரே ஒரு கோடு. மேசைமேல் மீதி இருந்த ஒரு பட்டையை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு இசக்கியைப் பார்த்தார்கள்.

அறையில் நான் அவளிடம் கெஞ்சினேன். ஒரு நிமிட வேலை, காட்டிவிட்டால் முடிந்தது என்றேன். அவள் தலையணை உறையை மடித்துக்கொண்டே கேட்டாள்: “நீதான மொதல்ல எந்திரிச்சுப் போன?”

சனி

இசக்கியின் அப்பா வந்தார். வார்டன்தான் போன் செய்து வரச் சொன்னார். அலுவலக அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவு திறந்தே இருந்ததால் மாடிப்படியில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“ஒரே ஒரு தடவை குடுத்துரு தாயி. மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போயிட்டு. நா என்ன பதில் சொல்ல?”

“நீங்க என்னைய நம்புதியளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கப்பா.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

“நம்புதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு தடவைகூடக் குடுக்கேன்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ, பிறகு அவளே மேலே வந்து பெட்டியைக் கட்டினாள். ஜோயல்தான் பெட்டியைத் தூக்கிப்போய் ஆட்டோவில் வைத்தான். “அக்கா, கோபத்துல முடிவு எடுக்காதீங்க” என்று சொன்னான். அவள், “நல்லாப் படிலே” என்று மட்டும் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோ போனதும் சிலர் பெருமூச்சு விட்டார்கள். நானும் விட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

செவ்வாய்

இசக்கி போய் மூன்று நாள் ஆகிறது. பலகையில் இன்னும் ஒன்று.

நேற்றே காலையில் திரையில் பார்த்தேன்.  அப்படியானால் அவள் இல்லை. ஓடிவந்து வார்டனிடம் சொன்னேன். 

“அப்ப ரெண்டு பேர் இருந்திருக்காங்க. ஒருத்தி போயாச்சு. இன்னொருத்தி உள்ள இருக்கா.”

“அம்மா, பலகையில அப்பவும் ஒண்ணுதான், இப்பவும் ஒண்ணுதான்.”

“மெஷினுக்கு அவ்வளவு துல்லியமாத் தெரியுமா?”

தெரியும் என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். 'சில சமயம் முன்னே பின்னே இருக்கலாம்' என்று சொல்லிவிட்டேன். படித்த பாடம் அப்படி. எந்த எண்ணிலும் பிழை வீச்சு உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தால் இசக்கியின் பேர் மறுபடியும் சேற்றுக்குள் போனது.

நேற்று மாலை இரண்டாவது சோதனை நடந்தது. இந்த முறை யாரும் இன்னொருத்தியின் சிறுநீரைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று குளியலறைக் கதவைச் சாத்த விடவில்லை. வார்டன் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பர்வீன் வெளியே வரும்போது அழுதுகொண்டிருந்தாள். எதற்கும் ஜோக் அடிக்கிற பெண். நானும் போனேன். மறுக்கலாம் என்று நினைத்தேன். மறுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்றே. போனேன்.

எல்லாருக்கும் ஒரே கோடு.

வியாழன்

 

எங்கள் விடுதியின் அளவுகளை நாள்வாரியாக வரைந்து டாக்டரிடம் கொண்டுபோனேன். “மேடம், கருவி பழுதா இருக்கும்னு நினைக்கிறேன். கர்ப்பம்னா இந்நேரம் கோடு மேல பாய்ஞ்சிருக்கணும். இது மெதுவா ஊர்ந்துக்கிட்டே இருக்கு. அங்க யாருக்கும் கர்ப்பம் இல்ல.”

அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பேனாவால் ஒரு தட்டுத் தட்டினார்.

“அந்தக் கட்டடத்துல ஆம்பிளைங்க யாராவது இருக்காங்களா?”

“லேடீஸ் ஹாஸ்டல் மேடம்.”

“வாட்ச்மேன்? சமையல்காரர்? யாராவது?”

“வார்டனோட பையன் ஒருத்தன்… மேடம், கர்ப்ப ஹார்மோனைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்.”

“அதைத்தான் நானும் பேசுறேன். ஆம்பிளைங்களுக்கு விதைப்பையில வர்ற ஒரு வகைப் புற்றுக்கட்டி இதே ஹார்மோனைச் சுரக்கும். இளவயசுப் பசங்களுக்குத்தான் அதிகம். என்ன வயசு அவனுக்கு?”

 “இருபத்துமூணு” என்றேன் என்று நினைக்கிறேன்.

“நேரத்தோட பார்த்தா குணமாயிடும். பெரும்பாலும் குணமாயிடும். விட்டா நுரையீரலுக்குப் போயிடும்.”

“அப்ப உடனே அவனுக்குச் சொல்லணும் மேடம்.”

“நம்பரைக் கட்டடத்துக்குத்தான் சொல்லலாம். ஆளுக்குச் சொல்லக் கூடாது. அப்படி எழுதிக் குடுத்துத்தான் இந்தத் திட்டத்துக்கே அனுமதி வாங்கினோம்.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான் உன்கிட்ட எதுவும் சொல்லல. ஆனா நீ அந்த வீட்டுல குடியிருக்கிறவ. பக்கத்து ரூம் பையன்கிட்ட என்ன பேசணும்னு உனக்கு யாரும் சட்டம் போட முடியாது.”

வகுப்புக்குப் போகவில்லை. வழியில் ஒரு கடையில் பட்டைகள் வாங்கினேன். ஜோயல் மொட்டைமாடித் தொட்டிக்குப் பக்கத்தில் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

“அக்கா, என்னைய வெச்சுக் காமெடி பண்றீங்களா?”

“ஒரு தடவை பார்த்துடு ஜோயல். ஒண்ணும் இல்லன்னா நீ என்னை எவ்வளவு வேணும்னாலும் கிண்டல் பண்ணிக்கோ.”

“பர்வீன் அக்காவுக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் விடமாட்டாங்க” என்று சிரித்துக்கொண்டே கீழே போனான்.

திரும்பி வந்தபோது பட்டையை விரல்நுனியில் பிடித்திருந்தான். “அக்கா… இது பழைய ஸ்டாக்கா இருக்குமோ?”

இரண்டு கோடுகள். இன்னொன்று கொடுத்தேன். அதிலும் இரண்டு.

தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். “அம்மா பேரன் வேணும் பேரன் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றான். சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“கட்டி மாதிரி ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

“ரொம்ப நாளா இருக்கு. வலி இல்ல. யார்கிட்டக்கா போய்ச் சொல்றது? அம்மாகிட்டயா?”

கீழே கூடத்தில் ஐம்பது பெண்களின் வயிற்றுக் கணக்கை மைக் வைக்காத குறையாகப் பேசியிருக்கிறோம். இந்தப் பையன் கட்டியை வைத்துக்கொண்டு எங்களுக்குப் பட்டை வாங்கிவந்திருக்கிறான். 

அவன் தலையை நிமிர்த்தினான். 

“அப்ப இசக்கி அக்கா?”

ஞாயிறு

ஜோயலுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று; அம்மாவிடமும் சொல்லிவிட்டான். டாக்டர் மெஹருன்னிசா சொன்னதேதான். கட்டி வேறெங்கும் பரவவில்லை. நாளை அறுவை சிகிச்சை, பிறகு மருந்து.

மதியம் வார்டன் என்னை அலுவலக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இத்தனை நாளில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

“மங்கை, குடலிறக்கம்னு சொல்லிடலாம். நாளைக்கு அவனுக்கு ஒரு பொண்ணு பார்க்கணும். நோய் எந்த இடத்துலன்னு தெரிஞ்சா யாரு குடுப்பா?”

“இசக்கிக்கும் ஒரு கல்யாணம் இருந்தது அம்மா.”

“தெரியும்” என்றார். “தெரியும்மா. நான் என்ன கல்லா?” மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். “ஆனா அவன் என் பையன்.”

 உண்மையைச் சொன்னால் அவன் ரகசியம் போகும். சொல்லாவிட்டால் அவள் பேர் திரும்பாது. கருவி பழுது என்று ஒரு பொய்க் கடிதம் எழுதித் தரலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கருவி முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அந்தத் தொல்லையை ஜோயல் வைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது கூடத்துக்குள் வந்தான். சாப்பாட்டு நேரத்தில் அவன் உள்ளே வருவதே இல்லை.

“அக்கா எல்லாரும் ஒரு நிமிஷம்” என்றான்.  “வெளிய பலகையில இருக்கிற அந்த ஒண்ணு நான்தான்.”

யாரோ சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். பிறகு சொன்னான். என்ன நோய், எந்த இடத்தில், ஏன் பட்டையில் இரண்டு கோடு வருகிறது, எல்லாவற்றையும். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் காதுவரை சிவந்துவிட்டான்.  வாசலில் வார்டன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“இசக்கி அக்கா நம்பர் யார்கிட்ட இருக்கு?” என்றான். “நானே பேசணும்.”

பர்வீன் எழுந்து தன் போனைக் கொடுத்தாள்.

வெள்ளி

நடுவில் பல வாரம் எழுதவில்லை.

ஜோயலுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்றுகிறார்கள். தலைமுடி கொட்டிவிட்டது. வாசல் பலகையில் தொட்டில் ஆடுவது நின்றுவிட்டது. பர்வீன் பின்னிக் கொடுத்த பச்சைக் குல்லாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்கிறான்.

இசக்கி திரும்பி வந்துவிட்டாள். கடையில் வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வார்டன் ஊருக்கே போய் அவள் அப்பாவிடம் பேசிவிட்டு வந்தார். கல்யாணம் என்ன ஆயிற்று என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வந்தாவ. பொண்ணு மேல தப்பு இல்லன்னு மெஷினே சொல்லிட்டு, இனிமே எங்களுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லன்னாவ.”

“அப்ப நல்லதுதானே?”

“அப்ப அந்த மெஷினையே கட்டிக்கிடுங்கன்னுட்டேன்.” தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள். “எங்கப்பாவும் இப்ப நம்புதாவ. இப்ப நம்பி என்னத்துக்கு?”

என்னிடம் முன்புபோலப் பேசுகிறாள். நான் முதலில் எழுந்துபோனதைப் பற்றி மறுபடி பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனி

மாலை ஜோயல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினான். “அக்கா, இதுல ஒண்ணுமே இல்லன்னு போட்டிருக்கு. நல்லதுதானே?”

இரண்டு தடவை படித்தேன். ஹார்மோன் சுத்தமாக இல்லை. “நல்லதுதான் ஜோயல். ரொம்ப நல்லது.”

“அம்மாவுக்குத் தெரியாது. நாளைக்கு சர்ச்ல வச்சுச் சொல்லப் போறேன்” என்றான். அவன் கண்ணெல்லாம் சிரிப்பு.

ஞாயிறு

இன்று எனக்கு முறைப்பணி. காலையில் திரையைத் திறந்தேன்.

'கிருபை மகளிர் விடுதி. தாய்மை: 1.'

மறுபடி அளக்க விட்டேன். ஒன்று. ஜோயலின் தாளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இது அவனுடையது இல்லை. கோட்டை வரைந்து பார்த்தேன். மூன்று நாளாக 1 என்ற அளவைத் தொடாமல் கீழே இருந்து, நேற்று இரவு பாய்ந்திருக்கிறது. இது உண்மையான கர்ப்பம். எங்கள் விடுதியில் ஒருத்தி.

பத்து மணிக்குள் 'சரி' போட வேண்டும். நிறுத்தினால் ஒரு கேள்வி வரும், கேள்வி வந்தால் நிலையத்திலிருந்து சோதிக்க ஆள் வரும். இன்னொரு கறுப்புப் பை என் கண்முன் வந்து நின்றது. போட்டேன். பணி முடிந்ததும் பேருந்தைப் பிடித்தேன்.

தெருமுனையிலேயே தொட்டில் ஆடுவது தெரிந்தது. அதற்குக் கீழே நாற்காலியில் பச்சைக் குல்லாவோடு ஜோயல். டீக்கடைக்காரர் தெருவைத் தாண்டி வந்து நின்றிருந்தார்.

“என்ன தம்பி, மறுபடியும் ஆடுது? யாரு இந்தத் தடவை?”

“நான்தாண்ணே” என்றான் ஜோயல், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு இது ரெண்டாவது.”

டீக்கடைக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று திண்டாடி, “சீக்கிரம் சரியாயிடும் தம்பி” என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உள்ளே வார்டன் அழுதுகொண்டிருந்தார். நான் இருப்பதைக்கூடக் கவனிக்காமல் வாசலுக்குப் போய் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். “கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னுதானடா டாக்டர் சொன்னாரு?”

“கொஞ்சம் மிச்சம் இருக்கும்மா. போகப் போகச் சரியாயிடும்னாரு.”

“சர்ச்ல வச்சு ஏதோ சொல்லணும்னு காலையில சொன்னியே?”

“ஒண்ணும் இல்லம்மா. பசிக்குதுன்னு சொல்ல வந்தேன்.”

அந்தத் தாள் அவன் புத்தகத்துக்குள் இருந்தது. மேல்முனை வெளியே தெரிந்தது. என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. தாளை உள்ளே தள்ளிப் புத்தகத்தை மூடினான். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அவன் அம்மா இன்னும் எத்தனை வாரம் பயந்துகொண்டிருக்க வேண்டுமோ, அதை அவன் முடிவுசெய்துவிட்டான்.

அறையில் இசக்கி ஜன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: “அவனுக்குச் சரியாயிட்டுல்லா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. ஏட்டி, அது யாருன்னு கண்டுபிடிக்கப் பாக்காத. கணக்குப் போடாத. யாரு சாப்பிட வரல, யாரு வாந்தி எடுத்தான்னு பாக்காத. உனக்கு அந்தப் புத்தி உண்டு.”

உண்டு. பேருந்திலேயே போடத் தொடங்கியிருந்தேன்.

“அவளுக்கு டாக்டர் வேணுமே இசக்கி. அவ வச்சுக்கிட்டாலும் சரி, வேண்டாம்னாலும் சரி.”

அவள் தன் கடையின் பில் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி என்னிடம் நீட்டினாள். வார்டன் திருப்பி அனுப்பிய அந்த நர்ஸின் எண் என் போனில் இருந்தது. டியூஷன் விளம்பரத்தில் செய்வதுபோலத் தாளின் கீழ்ப்பகுதியைச் சீட்டு சீட்டாகக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் அந்த எண்ணை எழுதினேன். மேலே இசக்கி எழுதினாள்: 'இவங்க பேர் கேக்க மாட்டாங்க.' அதைக் கடைசிக் குளியலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினோம். சாத்தினால் மட்டும் தெரியும்.

திங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் குளிக்கப் போனேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

ஒரு சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது.